நாலாவது வெளிச்சம்

ஏத்தா, செத்த சன்னல் பக்கமா தள்ளி உக்காரு. பையை மடியில வச்சுக்கிட்டு நல்லா நிமிந்து உக்காந்தீன்னா எனக்கு மறைப்பா இருக்கும். பயப்படாத, நான் ஒண்ணும் திருடி இல்ல. திருட்டு எங்கிட்டு நடக்குதுன்னு பாக்க வந்தவ.

முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல, நீலக்கட்டம் போட்ட சட்டை தெரியுதா? கழுத்துல துண்டு. அவருதான் எங்க வீட்டுக்காரரு. ஐய, விரலை நீட்டாதத்தா! மேலூர்ல அவருக்குத் தெரியாம பின்படியில ஏறி உக்காந்துருக்கேன். நான் மெதுவாத்தான் பேசுவேன், நீயும் மெதுவாப் பேசு. எங்குரலைச் சந்தைக்கடையில கேட்டாலும் அந்த மனுசன் கண்டுபிடிச்சுருவாரு.

எங்க போறேன்னா கேக்குற? அவரு எங்க இறங்குறாரோ அங்க. பொம்பளைகளுக்குத்தான் டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு இல்லையே, எங்க வேணாப் போவேன். அவரு இறங்கி யாரைப் பாக்குறாருன்னு ஒரே ஒரு தடவை எங்கண்ணால பாத்துட்டேன்னா அம்புட்டுத்தான். இந்தப் பைக்குள்ள மாத்துச் சேலை வச்சுருக்கேன். நேரா ஒத்தக்கடை, எங்கண்ணன் வீடு. அப்புறம் மேலூரு பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இது தேவையான்னு ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிக்கிறவ வீட்டுலயா நடக்குது?

எல்லாம் ஒரு டார்ச்சு லைட்டால வந்தது.

பாத்தியா, நீயே சிரிக்கிற. நான் சொல்றதைக் கேட்டுட்டுச் சிரி.

அவரு இ.பி.யில இருந்தவரு. லைன்மேனாச் சேந்து ஃபோர்மேனா வெளிய வந்தாரு. ரிட்டையர் ஆனா ஆம்பளைக என்ன செய்வாக? ஆடு வளப்பாக, டீக்கடையில உக்காந்து அரசியல் பேசுவாக, கோயில் கமிட்டியில சேந்து சண்டை போடுவாக. இவரு டார்ச்சு லைட்டு செஞ்சாரு. கடையில வாங்கக் கூடாதாம். லேத்து பட்டறையில பித்தளைக் குழாயைக் குடுத்து மரை போட்டு வாங்கிட்டு வந்தாரு. கூரியர்ல எங்கிட்டிருந்தோ பல்பு வந்துச்சு, பொட்டுக்கடலை தண்டிதான் இருக்கும். அதோட காசு அளவுல ஒரு சில்லு. அந்தச் சில்லுக்குள்ளதான் எல்லா வித்தையும் இருக்குன்னாரு. "என்ன வித்தை?"ன்னேன். "புரோகிராம் பண்ணலாம். நம்ம இஷ்டத்துக்கு வெளிச்சத்தை வச்சுக்கலாம்"ன்னாரு. வெளிச்சத்தை நம்ம இஷ்டத்துக்கு எதுக்கு வைக்கணும்? டார்ச்சுன்னா அடிக்கணும், அமத்தணும். அதுக்குமேல அதுல என்ன இருக்கு? அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுச்சு.

எப்படிப் பண்ணுவாருன்னா, பின்னால ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிக்கிட்டே இருந்தா வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறும். உச்சிக்குப் போனதும் ஒரு சிமிட்டு சிமிட்டும். விட்டுட்டு மறுபடி அமுக்குனா இறங்கும். வேணுங்கிற இடத்துல கையை எடுத்துட்டுப் படபடன்னு தட்டுனா அந்த வெளிச்சத்தை அது மனசுல வச்சுக்குமாம். அப்படி நாலு வெளிச்சம் வச்சாரு. ஒரு தட்டுத் தட்டுனா ஒண்ணாவது, ரெண்டு தட்டுனா ரெண்டாவது, இப்படி.

இதை எங்க உக்காந்து செஞ்சாருங்கிற? மாடிப்படி திருப்பத்துல. எந்நேரம்? நான் சாமிகிட்ட வெளக்கு வைக்கிற நேரம். அந்தத் திருப்பத்துல ஒரு சன்னல் இருக்கு. சன்னலுக்கு நேரெதிர அருள்மேரி டீச்சர் வீட்டு மாடி. இப்பப் புரியுதா?

அந்த டீச்சரு கல்யாணம் கட்டாதவுக. இவரை மாதிரி ரிட்டையர் ஆனவுகதான். நல்ல மாதிரின்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கேக்கு குடுப்பாக, நான் பொங்கலுக்குப் பொங்கப்பானையோட குடுப்பேன். ஆனா இந்த மனுசன் எதிர்ச் சுவத்துல வெளிச்சத்தை ஏத்துறதும் இறக்குறதும் சிமிட்டுறதுமா இருந்தா நான் என்னான்னு நெனக்க? ஒருநா இவரு சிமிட்டுறாரு, அந்த வீட்டு மாடியில லைட்டு எரியுது. பொழுது இருட்டுனா லைட்டு போடத்தானே செய்வாகங்கிறியா? நீ சின்னப் பிள்ள. நெருப்பில்லாமப் புகையாது.

கேக்காம விட்டேனா? கேட்டேன். "நாலு வெளிச்சம் எதுக்குங்க?"

"ஒண்ணாவது ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போறதுக்கு. உன் தூக்கம் கெடக் கூடாதுல்ல"ன்னாரு. சரி. "ரெண்டாவது?" படிக்கட்டுக்காம். "மூணாவது?" பேப்பர் படிக்க. ஏன், வீட்டுல டியூப் லைட்டு இல்லையா? அதுக்கடியில உக்காந்துக்கிட்டு டார்ச்சு அடிச்சுப் பேப்பர் படிக்கிற ஆம்பளைய நீ எங்கிட்டாச்சும் பாத்துருக்கியா? போகுது. "நாலாவது எதுக்குங்க?"

டார்ச்சைத் துடைக்கிற மாதிரி துடைச்சுக்கிட்டே இருந்தாரு. நான் விடல. ரெண்டாந்தரம் கேட்டதும் சொல்றாரு, "அது ஆளைப் பாக்குறதுக்கு."

ஆளைப் பாக்க! வாயில இருந்து வந்துருச்சு பாத்தியா? எந்த ஆளுன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. போகும்போது வாசக்கதவுல தோளை இடிச்சுக்கிட்டாரு. குத்தமுள்ளவனுக்குக் கால் பின்னத்தான் செய்யும்.

கண்டக்டரு வர்றாரு, இரு. ...போயிட்டாரு.

அப்புறம் இன்னொண்ணு. மத்தியானம் சாப்பிட்டுட்டுச் செத்த கண்ணசந்தேன். மூஞ்சியில சூடு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. முழிச்சுப் பாத்தா கட்டில்கிட்ட முட்டி போட்டு உக்காந்து எம்மூஞ்சிக்கு நேரா டார்ச்சு அடிச்சுக்கிட்டு இருக்காரு! மத்தியானத்துலத்தா! தலைய ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு, கோழி இரையப் பாக்கும் பாரு, அப்படிப் பாக்குறாரு. நான் வெடுக்குன்னு எந்திரிச்சேன். "பூச்சி ஊந்துச்சு"ங்கிறாரு. எங்க பூச்சி? நான் நல்லாத் தூங்கிட்டேனான்னு பாத்துருக்காரு. தூங்கிட்டா வெளிய கிளம்பலாம்ல? கண்ணு வேற கலங்கியிருந்துச்சு. "ஏன் அழுகுறீக?"ன்னேன். "வெளிச்சம் கூசிருச்சு"ன்னாரு. அடிக்கிறவருக்கா கூசும், அடி வாங்குன எனக்கா கூசும்? பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேணும்.

என்ன கேட்ட? எப்பவும் தலையச் சாச்சுத்தான் பாப்பாரான்னா? ஆமாத்தா, அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு வருசமா இந்த மனுசன் எம்மூஞ்சியப் பாத்துப் பேசுறதே இல்ல. நான் இங்க நின்னா காதுக்கு அங்கிட்டுப் பாத்துப் பதில் சொல்றாரு. மனசுல கள்ளம் இருக்கிறவன் எப்படி நேருக்கு நேரு பாப்பான்?

கண்ணு டாக்டர்கிட்டயா? அவருக்கா? கண்ணுக்கு என்னத்தா கேடு? கம்பத்து உச்சியில நின்னுக்கிட்டுக் கீழ நடக்குற எறும்பு கட்டெறும்பா சித்தெறும்பான்னு சொல்லுவாரு. அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் வராது. எல்லாம் புத்தியில வந்த கேடு.

அழகம்மா சங்கதியக் கேட்டீன்னா நீயே ஒத்துக்குவ. அழகம்மா அவரு கூடப்பொறந்த தங்கச்சி. எங்க பேத்திக்குக் காதுகுத்து வச்சோம், மண்டபத்து வாசல்ல இவருதான் நிக்கிறாரு, வர்றவுகளை வாங்கன்னு கேக்க. நம்ம பக்கம் உனக்கே தெரியும். சோறு போடாட்டிக்கூட மன்னிச்சுருவாக, வாங்கன்னு கேக்காம விட்டா தலைமுறைக்கும் பேச மாட்டாக. அழகம்மா பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமா, முன்னால கொட்டு மேளத்தோட வர்றா. அண்ணன் முன்னால வந்து நின்னு சிரிக்கிறா. இவரு அவளைத் தாண்டி எங்கிட்டோ பாத்துக்கிட்டு நிக்கிறாரு! ஒரு வார்த்தை "வாத்தா"ன்னு கேக்கல. அவ பின்னால பந்தல்காரன் ஏணியத் தூக்கிக்கிட்டு வாரான், அவனைப் போயி "வாங்க மச்சான்"னு கையப் புடிக்கிறாரு. சபையே சிரிச்சுச்சு. அழகம்மா தட்டை அப்படியே வாசல்ல வச்சுட்டுப் போயிட்டா. கை நனைக்கல. இன்னைக்கு வரைக்கும் எங்க வாசப்படி ஏறல.

அன்னைக்கு அந்த டீச்சரும் பந்தியில இருந்தாக. தங்கச்சி நிக்கிறது கண்ணுக்குத் தெரியாம மயக்கம் வேற எங்கிட்டோ இருந்துருக்கு. "என்னங்க இப்படிப் பண்ணிப்புட்டீக?"ன்னு கத்துனேன். "கவனிக்கல"ன்னாரு. போயி மன்னிப்புக் கேளுங்கன்னா, தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துருக்காரு. ஆம்பளைக்கு அம்புட்டு வீம்பு.

இதோட விட்டாரா? அந்த டார்ச்சைத் திரும்பத் திரும்பப் புரோகிராம் பண்றாரு. முதல்ல ஒண்ணாவது வெளிச்சம் அகல் வெளக்கு மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல படிக்கட்டுக்குன்னு வச்ச வெளிச்சம் பாத்ரூமுக்கு வந்துருச்சு. பேப்பர் படிக்க வச்ச வெளிச்சம் படிக்கட்டுக்கு வந்துருச்சு. நாலாவதை அடிச்சாருன்னா வெல்டிங் வைக்கிற மாதிரி, சுவரே வெந்துரும். எல்லாம் ஏறிக்கிட்டே போகுது. எதுக்கு ஏத்தணும்? நான் கண்டுக்கிட்டேன்னு தெரிஞ்சதும் சங்கேதத்தை மாத்துறாரு. அப்படித்தானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம் இருக்க முடியும், நீ சொல்லு.

நீ என்ன சன்னலையே பாத்துக்கிட்டு இருக்க. யானைமலை தாண்டிருச்சா? சரி கேளு.

நானும் லேசுப்பட்டவ இல்ல. அவரு செய்யச் செய்யப் பாத்துப் பாத்து அந்தப் புரோகிராமை நானும் படிச்சுக்கிட்டேன். எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ, ஆனா கைவேலைன்னா ஒரு தடவை பாத்தாப் போதும். அவரு குளிக்கப் போயிருந்தப்ப டார்ச்சை எடுத்தேன். அமுக்குனேன், இறக்குனேன், தட்டுனேன். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, அவரு ஆளைப் பாக்குற நாலாவது, எல்லாத்தையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து வச்சேன். நாலும் அகல் வெளக்கு! இப்பச் சிமிட்டுடா ராசான்னு இருந்த எடத்துல வச்சுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கரண்டு போச்சு. மாடியில துணி கெடக்கு, மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு. "நான் எடுத்துட்டு வர்றேன்"னு டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனாரு. கீழ அடுப்படியில நிக்கிறேன், டக்கு டக்குன்னு தட்டுற சத்தம் மட்டும் கேக்குது. தட்டுறாரு, தட்டுறாரு, தட்டிக்கிட்டே இருக்காரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அப்புறம் தடதடன்னு ஒரு சத்தம். ஓடிப் போயிப் பாக்குறேன், படித் திருப்பத்துல துணியோட குப்புறக் கெடக்காரு. முழங்கால்ல இருந்து கீழ உரிஞ்சுபோச்சு. "என்ன ஆச்சு?"ன்னா "பூனை குறுக்க வந்துச்சு"ங்கிறாரு. எங்க தெருவுல பூனையே கெடையாது!

மறுநா உக்காந்து எல்லா வெளிச்சத்தையும் மறுபடி ஏத்துனாரு. யாரு இறக்குனதுன்னு கேக்கணும்ல? கேக்கல. "சில்லுல ஏதோ கோளாறு"ன்னு தானாச் சொல்லிக்கிட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு, எப்படிக் கேக்கும்? எனக்கு அந்தக் காயத்துக்கு மஞ்சப்பத்துப் போடும்போது பாவமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. அப்பக்கூட அவரு எங்கையப் புடிச்சுக்கிட்டு, "நான் இல்லாட்டி நீ தனியாச் சமாளிச்சுக்குவியா? பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் நீயே போயிட்டு வந்துருவியா?"ங்கிறாரு. இல்லாட்டின்னா என்ன அர்த்தம்? போகத் துணிஞ்சவருதானே அப்படிக் கேப்பாரு? வெடுக்குன்னு கையை உருவிக்கிட்டேன். அடுப்படியில போயி அழுதேன். அவருகிட்ட அழுக மாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

நேத்து வசமா மாட்டுனாரு. கடைக்குப் போயிட்டு வர்றேன், டீச்சர் வீட்டு வாசல்ல ரெண்டு பேரும் நிக்கிறாக. அந்தம்மா ஒரு கையில ஏதோ சீட்டை வச்சு வாசிக்கிறாக, இன்னொரு கையால இவரு முழங்கையப் புடிச்சுருக்காக. நடுத்தெருவுல! நான் கம்பத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். டீச்சர் சொல்றாக, "பயப்படாமப் போங்க ஆண்டிச்சாமி அண்ணே. பேசி வச்சுட்டேன். நீங்க இறங்குனதும் ஒரு பொண்ணு வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகும். வீட்டுல இப்பவாச்சும் சொல்லிருங்க." அதுக்கு இவரு, "அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர். தாங்க மாட்டா"ங்கிறாரு.

கேட்டியா? ஒரு பொண்ணாம். கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகுமாம். நான் டீச்சர்னு நெனச்சா, டீச்சரு தரகு! அண்ணேன்னு வேற கூப்புடுறாக. ராத்திரி பூராம் எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. காலையில கிளம்பி, "மதுரையில போயி டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கிட்டு வந்துடுறேன்"னாரு. போயிட்டு வாங்கன்னு சிரிச்ச முகமா அனுப்பிட்டு, சேலைய அள்ளிப் பையில போட்டுக்கிட்டுப் பின்னாலயே வந்துட்டேன்.

என்னத்தா கையப் புடிக்கிற? ஏன், உனக்கு ஏன் கண்ணு கலங்குது? அந்தப் பொண்ணு யாருன்னு உனக்குத் தெரியுமா? ஒத்தக்கடையெல்லாம் எப்பவோ போயிருச்சு, மாட்டுத்தாவணியும் தாண்டியாச்சு, அவரு இன்னும் இறங்கல.

ஐயோ, எந்திரிச்சுட்டாரு. குனி, குனி. முன்படி பக்கத்துல இருக்கே, அதுல இறங்கப்படாதா? கூட்டம் அடைச்சு நிக்குது, அதான் பின்னால வர்றாரு. ஒவ்வொரு சீட்டாத் தடவித் தடவிப் புடிச்சுக்கிட்டு வர்றாரு பாரு. போச்சு, முந்தானை வேற சீட்டுக் கம்பியில மாட்டிக்கிச்சு, இழுக்குறேன் வரமாட்டேங்குது. மூடவும் முடியல. வந்துட்டாரு. பாத்துட்டாரு. நேரா எம்மூஞ்சியத்தான் பாக்குறாரு. கத்தப் போறாரு, கத்தட்டும், நானும் ரெண்டுல ஒண்ணு...

என்ன சொன்னாரு?

ஏத்தா, எங்கிட்டயா சொன்னாரு? "ஏந்தாயி, கண்ணாஸ்பத்திரி ஸ்டாப்பிங்கு வந்துருச்சா? எனக்குச் சரியாத் தெரியல, வந்தாச் சொல்லும்மா"ங்கிறாரு. எங்கிட்டக் கேக்குறாரு. ஒரு சாண் தூரத்துல குனிஞ்சு நின்னு, கட்டுன பொண்டாட்டியப் பாத்துத் தாயிங்கிறாரு. வேசமில்லத்தா இது. இவருக்கு வேசம் கட்டத் தெரியாது. இந்த மனுசனுக்கு நான் தெரியல.

நான் தெரியல.

அப்ப அழகம்மா வந்து நின்னது தெரியல. படி தெரியல. நாலையும் இறக்கி வச்சேனேத்தா. நானேதான் இறக்கி வச்சேன். தட்டித் தட்டிப் பாத்தாரே, நான் கீழ நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேனே.

விடு, நான் அழுகல. எந்திரிக்க விடு.

வந்துருச்சுங்க. கண்ணாஸ்பத்திரிதான்.

ஆமா, நான்தான். மேலூர்ல இருந்தே வர்றேன். எதுக்கு வந்தேன்னு அப்புறம் கேளுங்க, இப்பக் கேக்காதீக. பேட்டரி வாங்கவா கண்ணாஸ்பத்திரி ஸ்டாப்பிங்கைக் கேட்டீக? ஊருக்கெல்லாம் சொன்னீக, எனக்குச் சொன்னீகளா? நான் தாங்க மாட்டேனாம். யாரு சொன்னா? கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போக ஆஸ்பத்திரிப் பொண்ணு எதுக்கு, இங்க குடுங்க. கண்டக்டரு, விசிலு அடிச்சுப்புடாதீக, ஆளு இறங்கணும். இந்தாங்க, எந்தோள்ல கைய வைங்க. நல்லா அழுத்திப் புடிங்க. படி உசரமா இருக்கு, நான் முன்னால இறங்கிக்கிறேன். நான் சொல்லும்போது காலை எடுத்து வைங்க.

ம், வைங்க.